பாதி மேடை: ஓராள் அரங்கில் கே. பி. சுந்தராம்பாள்

கூத்து, வில்லுப்பாட்டு, கதாப்பிரசங்கம் என்று நமது நிகழ்த்து கலைகளைப் பற்றிப் பேசிவரும் இத்தொடரில், இன்று ஓராள் அரங்கைப் பற்றிச் சொல்லுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் நாடகத்துறை அறிஞர் அல்லேன். கொழும்பில் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கின்ற ஆசிரியை. ஆயினும், பழம்பெரும் திரை நட்சத்திரம் ஒருவரின் வாழ்வைத் தனியொருத்தியாக மேடையில் நடித்துப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. ஒருமுறை தோற்று, மறுமுறை ஓரளவு தேறிய அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டே இந்தக் கலை வடிவத்தை விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'ஓரங்க நாடகம்' வேறு, 'ஓராள் அரங்கு' வேறு. ஓரங்க நாடகம் என்பது ஒரே அங்கத்தில் முடியும் நாடகம். அதில் பத்துப் பேரும் நடிக்கலாம். ஓராள் அரங்கு என்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒருவர் நின்று நிகழ்த்துவது. நமது பாடசாலைகளில் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் 'தனிநடிப்பு' என்றொரு பிரிவு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு நடுவராக அமர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். எந்த வருடத்திலும் ஒரு பிள்ளையாவது கட்டபொம்மனாக வந்து நிற்கும். 1959ஆம் ஆண்டு வெளிவந்த படத்தில் சிவாஜி கணேசன் பேசிய பேச்சை, அவருடைய புருவ நெரிப்போடும் குரல் ஏற்ற இறக்கத்தோடும் ஒப்புவிக்கும். சபை கைதட்டும். அந்தக் கைதட்டல் சிவாஜிக்கா, பிள்ளைக்கா என்ற கேள்வி மட்டும் நடுவரின் மனத்தில் நிற்கும். ஒரு நட்சத்திரத்தை மேடைக்குக் கொண்டுவர நினைக்கும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் கேள்வி இதுதான். நாம் செய்யப்போவது அவரைப் போலக் காட்டுவதா, அவரைப் பற்றி ஒன்றைச் சொல்வதா?

சாக்கையன் ஆடிய கூத்து

தனியொருவர் பல பாத்திரங்களைத் தாங்குவது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் நடுகற் காதையில் சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் என்னும் கூத்தை ஆடுகிறான். அது உமையொரு பாகனாகிய இறைவன் ஆடிய ஆடல். ஒரே உடலில் ஒரு பாதி சிவன், மறு பாதி உமை. சிவனுக்குரிய பாதி ஆர்ப்பரித்து ஆடுகின்றபோது, உமைக்குரிய பாதியில் அணிகலனும் அசையவில்லை, கூந்தலும் குலையவில்லை என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். வகுப்பில் இந்தப் பகுதியைப் பல வருடங்களாகப் படிப்பித்திருக்கிறேன். ஆடுகின்ற பாதியைவிட ஆடாமல் நிற்கும் பாதிக்கே கூடிய பயிற்சி வேண்டும் என்பது, நானே மேடையில் நின்றபோதுதான் விளங்கியது.

கதாகாலட்சேபம் செய்த பாகவதர்களும் ஒருவகையில் ஓராள் அரங்கினரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்களுக்கே உரியதாயிருந்த அத்துறையில் சி. சரஸ்வதி பாய் என்னும் பெண்மணி நுழைந்து பெரும் புகழ் பெற்றார். 1949இல் வெளிவந்த நல்ல தம்பி படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், ஒரே ஆள் தலையைத் திருப்பும் நேரத்தில் இன்னொரு ஆளாக மாறிவிடுவதைக் கண்டிருப்பார்கள்.

மேலை நாடுகளில் இவ்வடிவம் பிரபலமானவர்களின் வாழ்க்கையைச் சொல்வதற்கு மிகுதியும் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்க நடிகர் ஹால் ஹோல்புரூக் 1954 முதல் எழுத்தாளர் மார்க் டுவெய்னாக மேடையேறி, அறுபது வருடங்களுக்கு மேலாக அதே பாத்திரத்தைச் செய்துவந்தார். கவிஞர் எமிலி டிக்கின்சனின் வாழ்வை வில்லியம் லூஸ் எழுத, 1976இல் ஜூலி ஹாரிஸ் தனியே நடித்தார். அதே லூஸ் எழுதிய 'பாரிமோர்' நமது விடயத்துக்கு இன்னும் நெருங்கியது. ஹொலிவூட்டின் பழைய நட்சத்திரமான ஜோன் பாரிமோரின் இறுதிக்காலத்தைச் சொல்லும் அந்நாடகத்தை 1997இல் கிறிஸ்தோபர் பிளம்மர் நியூயோர்க்கில் நடித்து டோனி விருது பெற்றார்.

இம்மூன்றும் ஒரு கேள்விக்கு மூன்று விடைகளைத் தருகின்றன. மேடையில் தனியே நிற்பவர் யாரோடு பேசுகிறார், ஏன் பேசுகிறார் என்பதே அந்தக் கேள்வி. மார்க் டுவெய்ன் சொற்பொழிவாளர். ஆகவே சபையோடு பேசுகிறார். எமிலி டிக்கின்சன் வீட்டுக்கு வந்த விருந்தினரோடு பேசுவதுபோல நம்மோடு பேசுகிறார். பாரிமோர் பழைய நாடகமொன்றை மீண்டும் ஒத்திகை பார்க்கிறார். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவரின் குரலோடு மல்லுக்கட்டுகிறார். இந்தக் கேள்விக்கு விடை காணாமல் எழுதப்படும் ஓராள் நாடகம், நடிகர் தமக்குத் தாமே கதை சொல்வதாகிவிடும். என் முதல் முயற்சி அவ்வாறுதான் ஆயிற்று.

கொழும்பில் தொடங்கிய கதை

நான் எடுத்துக்கொண்ட நட்சத்திரம் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். திருவிளையாடலிலும் கந்தன் கருணையிலும் ஔவையாராக வந்த முதிய அம்மையாராகவே நம்மிற் பலர் அவரை அறிவோம். கோவிற் திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கியிலும், விடியற்காலை வானொலியிலும் கேட்ட அந்தக் குரல் நமக்கு ஒரு பாட்டியின் குரல். ஆனால் அவரது வாழ்வின் திருப்பம் நேர்ந்தது நமது கொழும்பில், அவருக்குப் பதினெட்டு வயதாகும் காலத்தில் என்பதை இங்குள்ளவர்களே மறந்துவிட்டோம்.

அவர் பிறந்தது 1908இல். சிறு வயதிலேயே நாடக மேடைக்கு வந்தவர். அக்காலத்தில் இந்திய நாடகக் குழுக்கள் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் கொழும்பு வந்து நாடகம் போட்டுச் சென்றன. 1926இல் அவ்வாறு இங்கு வந்திருந்த சுந்தராம்பாளோடு, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா முதன்முறையாகச் சேர்ந்து நடித்தார். கன்னையா கம்பெனியில் புகழ்பெற்ற கிட்டப்பாவுக்கு அப்போது வயது இருபது. ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் தொண்டையால் மட்டுமே எட்ட வேண்டும். இருவருமே அதில் வல்லவர்கள்.

அவர்கள் நடித்தது பெரும்பாலும் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் வகை. வெவ்வேறு இடங்களிலிருந்து நடிகர்களை ஓரிரவுக்கென அழைத்து, ஒத்திகையின்றியே மேடையேற்றுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் போன்ற கதைகள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் வள்ளிக்கும் வேடனாக வந்த வேலனுக்கும் இடையில் நடக்கும் தர்க்கத்தில், எதிராளி எந்த இராகத்தில் எடுப்பார், எந்தச் சொல்லில் மடக்குவார் என்று முன்கூட்டித் தெரியாது. கேட்டு, அந்தக் கணத்திலேயே பதில் பாட வேண்டும். அந்தக் கலையின் உயிர், எதிரே ஒருவர் நிற்பதில் இருந்தது.

1927இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி உண்டு. சில வருடங்களில் பிணக்கும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானார். அவருக்கு இருபத்தேழு வயது, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடித்தவரல்லர். இசைத்தட்டுகளில் குரல் மாத்திரமே எஞ்சியது. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆண் நடிகர் எவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1980இல் மறையும் வரைக்கும், நாற்பத்தேழு வருடங்கள், அந்த முடிவு மாறவில்லை.

முதல் தோல்வி

இவ்வளவையும் வாசித்துக் குறிப்பெடுத்து, ஒன்றரை மணி நேரப் பிரதி ஒன்றை எழுதினேன். கொடுமுடியில் தொடங்கினேன். கொழும்பு, திருமணம், மரணம், பக்த நந்தனார், மணிமேகலை, ஔவையார், பூம்புகார், விருதுகள் என்று ஆண்டு வரிசை தவறாமல் கொண்டுபோய் 1980இல் முடித்தேன். அவரைப் போலவே திருநீறு பூசி, அவரைப் போலவே தலையை அசைத்து, குரலைத் தடிப்பித்துப் பேசினேன். பாட்டுக்கு ஒலிநாடாவைப் போட்டு உதட்டை அசைத்தேன். எங்கள் கல்லூரி மண்டபத்தில் உயர்தர வகுப்பு மாணவர்கள் முன்னிலையில் நடித்தேன்.

மாணவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். பின்னர் வகுப்பில், ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டேன். ஒருவன் எழுந்து, "மிஸ், நோட்ஸ் தந்த மாதிரி இருந்தது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அந்தச் சொல் என்னை உறங்க விடவில்லை. அவன் சொன்னது முழு உண்மை. நான் சுந்தராம்பாளின் வேடத்தில் நின்று சுந்தராம்பாளைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். தன் வாழ்க்கையை வருடம், திகதி சொல்லி எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அம்மா சொன்னது

இரண்டாம் முறை எழுதத் தொடங்கியபோது இன்னொரு தடை வந்தது. அது என் வீட்டிலிருந்தே வந்தது.

கிட்டப்பா மறைந்த செய்தி வந்ததும் நிறச் சேலையைக் களைந்து வெள்ளைச் சேலையை உடுத்துவதே நாடகத்தின் உச்சம் என்று நான் தீர்மானித்திருந்தேன். அந்தக் காட்சியில் எவர் கண்ணும் கலங்கும் என்பது என் கணக்கு. ஒத்திகைக்காக ஒரு வெள்ளைச் சேலையை வாங்கி வந்து கட்டிலில் வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்தார். என் தகப்பனார் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அப்போது ஊரார் வழக்கப்படி அம்மாவுக்கு வெள்ளை உடுத்தினார்கள். கொழும்புக்கு வந்த பின்னர், பிள்ளைகள் நாங்கள் மன்றாடித்தான் இளம் நிறச் சேலைகளுக்கு அவரை மாற்றினோம்.

"பிள்ளை, அந்தச் சீலையை நாடகத்துக்கெண்டு உடுக்காதை" என்றார் அம்மா.

"அது அவவின்ர கதையம்மா. அவ நாப்பத்தேழு வருசம் உடுத்தவ" என்றேன்.

"அவ தானா விரும்பி உடுத்தவ. எங்களை ஊர்தானே உடுக்க வைச்சது. ரெண்டும் ஒண்டில்லை. நீ ரெண்டையும் ஒண்டாக்கி ஆக்களை அழப்பண்ணப் பாக்கிறாய்."

இதைச் சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார். நான் பிரதியை மீண்டும் எடுத்து, 1933க்குப் பின் வரும் பக்கங்களை அம்மாவின் கண்ணோடு படித்துப் பார்த்தேன். அங்கே நான் எழுதியிருந்தது ஒரு பரிதாபத்துக்குரிய விதவையை. வரலாற்றில் இருந்தவரோ வேறொருவர். கணவர் மறைந்த இரண்டாம் வருடத்திலே, 1935இல், பக்த நந்தனார் படத்தில் நடிக்க ஒரு இலட்சம் ரூபா ஊதியம் பெற்றவர் அவர். அக்காலத்தில் எவரும் கேள்விப்படாத தொகை அது. அதிலும் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனாராகவே நடித்தார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அதில் வேதியராக வந்தார். எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்ற முடிவு அவரது தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைக்கவில்லை. தனக்கென ஒரு தனி இடத்தை அவர் அதைக்கொண்டே அமைத்துக்கொண்டார். தேச விடுதலைக்காக மேடை மேடையாகப் பாடினார். 1950களில் சென்னை மாநில மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1969இல் துணைவன் படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றார். 1970இல் பத்மஸ்ரீ வந்தது.

அன்றைய சமூகத்தில் ஓர் இளம் விதவையின் விருப்பம் எவ்வளவு தூரம் அவருடைய சொந்த விருப்பமாக இருந்திருக்கும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனாலும் அம்மா காட்டிய வேறுபாடு பெரிது. ஒருவர் தாமாக எடுத்த முடிவை, அவருக்கு நேர்ந்த கொடுமையாக மட்டும் மேடையில் காட்டினால், அவரிடமிருந்து அந்த முடிவையே பறித்தவர்கள் ஆகிறோம். இறந்தவரால் எழுந்து வந்து மறுக்கவும் முடியாது. பிரபலமானவரின் வாழ்வை நடிப்பவருக்குள்ள முதற் பொறுப்பு இதுவென இன்று நம்புகிறேன்.

உடைமாற்றும் காட்சியை முழுவதாக நீக்கினேன். நாடகம் தொடங்கும்போதே வெள்ளைச் சேலையோடு அவர் அமர்ந்திருக்கிறார். அது துயரத்தின் அடையாளமாக அன்றி, அவர் நாள்தோறும் உடுத்தும் சேலையாக இருக்கிறது. அந்தச் சேலைக்கு அம்மாவும் மறுப்புச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நீக்கினேன். பிரிவுக் காலத்தில் கணவருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்துவிட்டன. முதற் பிரதியில் அவற்றை உருக்கமாக வாசித்திருந்தேன். அவை ஒருவருக்காக எழுதப்பட்டவை, ஒரு மண்டபத்துக்காக அல்ல. புதிய பிரதியில் அவர் உட்கார்ந்து எழுதுகிறார், வாசித்துப் பார்க்கிறார், மடிக்கிறார். எழுதியது என்னவென்று சபைக்குச் சொல்லப்படுவதில்லை.

இல்லாதவருக்கு ஓர் இடம்

இனி அரங்கைக் கட்டிய முறையைச் சொல்கிறேன். தனிநடிப்புப் பழக்கும் ஆசிரியர்களுக்கு இப்பகுதி பயன்படக்கூடும்.

யாரோடு பேசுகிறார் என்ற கேள்விக்கு ஒரு விடை கண்டேன். 1964இல் பூம்புகார் படத்தில் சுந்தராம்பாள் கவுந்தியடிகளாக நடித்தார். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் சமணத் துறவி கவுந்தி. காப்பியத்தில், அந்த இருவரின் முடிவைக் கேட்டபின் அவர் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார். தம் இணையை இழந்த ஒரு நடிகை, ஓர் இணையை வழிநடத்திச் செல்லும் பாத்திரத்துக்காகக் காத்திருக்கும் ஒப்பனை அறையே என் நாடகத்தின் களம். ஒப்பனை செய்ய வந்த ஓர் இளம் பெண்ணோடு அவர் பேசுகிறார். அந்தப் பெண்ணைச் சபை காண்பதில்லை. ஒப்பனை அறை என் கற்பனை, வருடங்களும் நிகழ்ச்சிகளும் உண்மையானவை என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்தே கொடுத்தேன். எது உண்மை, எது புனைவு என்று சபைக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

ஒன்றரை மணி நேரம் நாற்பத்தைந்து நிமிடமாகச் சுருங்கியது. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு சிறிய மேசை, கண்ணாடி, மூடிய ஆர்மோனியப் பெட்டி. அவ்வளவே. மேடையை நடுவில் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். வலப் பாதி அவருடையது. இடப் பாதி கிட்டப்பாவுடையது. இடப் பாதியில் பொருள் எதுவுமில்லை, கூடிய வெளிச்சமும் இல்லை, நான் அங்கே ஒருபோதும் கால் வைப்பதுமில்லை.

கொழும்பு நினைவு வரும்போது வள்ளி திருமணத் தர்க்கம் நடக்கிறது. இங்கேதான் ஓராள் அரங்கின் சூட்சுமம் இருக்கிறது. இரு குரலில் மாறி மாறிப் பேசிக் காட்டலாம். கதாகாலட்சேபத்தில் அதுதான் முறை. நான் வள்ளியை மட்டும் பேசினேன். வேலன் கேட்பதைக் கேட்டேன். அதற்குக் கண்ணும் மௌனமும் துணை.

வீட்டுச் சுவரில், என் உயரத்தைவிடச் சற்றுக் கூடிய உயரத்தில் ஒரு பொட்டை ஒட்டினேன். எதிரே நிற்பவரின் கண் அது. ஒவ்வொரு முறையும் பார்வை அதே உயரத்துக்குப் போக வேண்டும். ஒருமுறை மேலேயும் மறுமுறை கீழேயும் போனால், சபையின் மனத்தில் நின்ற ஆள் கலைந்துவிடுவார். அடுத்தது, மறுமொழிக்கான நேரம். கேட்காத அந்த மறுமொழியை மனத்துக்குள் சொல் சொல்லாக முழுவதும் சொல்லி முடித்த பின்பே நான் வாய் திறக்க வேண்டும். அவசரப்பட்டு இடையிலே பேசினால் எதிரே ஒருவருமில்லை என்பது வெளிப்பட்டுவிடும். மனப்பாடமும் வசனத்தால் மட்டும் ஆவதன்று. கண்ணாடிக்கு முன் இது, நாற்காலியில் இது, ஆர்மோனியத்தைத் தொடும்போது இது என்று இடத்தோடு சேர்த்துப் பழகினால், தனியே நிற்கும்போது வசனம் மறந்தாலும் கால் நினைவுபடுத்தும். எடுத்துக்கொடுக்க அங்கே வேறு நடிகர் இல்லையல்லவா?

1933க்குப் பின் அவர் இடப் பாதியைப் பார்ப்பதே இல்லை. அழுகையில்லை, வசனமில்லை. அதுவரை கூடுதலாக அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்த பார்வை நின்றுவிடுகிறது. சாக்கையனின் கூத்தில் அசையாத பாதியைப் பற்றிச் சொன்னேனே, அதிலிருந்து கற்றதுதான் இது. ஓராள் அரங்கை நான் தேர்ந்தது செலவு குறைவு என்பதற்காக. எழுதி முடித்தபோதுதான், சுந்தராம்பாளின் வாழ்வுக்கு இதைவிட வேறு வடிவம் பொருந்தாது என்று கண்டேன். எதிரே ஒருவர் நின்று பாடினாலே உயிர் பெறும் கலையில் வளர்ந்தவர், அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்தாமலே நாற்பத்தேழு வருடங்கள் பாடினார். இரண்டாவது நடிகர் ஒருவர் மேடையில் வந்து கிட்டப்பாவாக நின்றால் இந்த உண்மை மறைந்துவிடும்.

பாட்டு ஒரு பெரிய சிக்கல். ஒலிநாடாவுக்கு உதட்டசைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நானே பாடலாமா என்று மாணவிகளிடம் கேட்டேன். "வேணாம் மிஸ், ஆக்கள் எழும்பிப் போயிடுவாங்க" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்தக் குரலை எவராலும் போலச் செய்ய முடியாது. ஆகவே அவர் பாட ஆயத்தமாகி, நிமிர்ந்து, மூச்சை இழுக்கும் இடத்தில் விளக்கை அணைப்பதென்று வைத்தேன். பாட்டுச் சபையின் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நான் கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அது பலிக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை.

கொள்ளுப்பிட்டியில் ஒரு மாலை

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் சிறிய மண்டபமொன்று கிடைத்தது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஏறக்குறைய எழுபது பேர் வந்திருந்தார்கள். முதல் இரு வரிசைகளிலும் முதியவர்கள். பிற்பகல் ஒத்திகையில்தான் எனக்கு ஒன்று தெரியவந்தது. கரையோர ரயில் பாதை மண்டபத்துக்கு மிக அருகில். ரயில் போகும்போது கதவுகள் அதிரும், என் குரல் அமிழ்ந்துபோகும். நேர அட்டவணையைப் பார்த்தேன். நாடகத்தின் இடையில் ரயில்கள் வரவே செய்யும்.

அச்சத்தோடுதான் தொடங்கினேன். கொழும்புக் காட்சிக்குச் சற்று முன்னர், தலைமன்னார் ரயிலில் வந்த கதையை ஒப்பனைப் பெண்ணுக்குச் சொல்லும் இடத்தில் முதல் ரயில் வந்தது. பேச்சை நிறுத்தினேன். சுந்தராம்பாளாகவே அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். ரயில் போய் முடிந்ததும் அடுத்த வசனத்தைச் சொன்னேன். திட்டமிட்டே செய்ததாகச் சபை எண்ணிக்கொண்டது. பின்னர் பலர் அதைப் பாராட்டியபோது உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மேடையில் தனியே நிற்பவருக்கு எதிர்பாராமல் வருவதெல்லாம் சக நடிகர்தான். ஸ்பெஷல் நாடகத்தார் அறிந்திருந்த பாடமும் அதுதானே.

இறுதியில் நிமிர்ந்து மூச்சை இழுத்தேன். விளக்கு அணைந்தது. சில கணங்கள் ஒன்றுமில்லை. என் எண்ணம் பலிக்கவில்லை என்றே நினைத்தேன். அப்போது முன் வரிசையில் யாரோ ஒருவர் மெல்ல முனகத் தொடங்கினார். இன்னொரு குரல் சேர்ந்தது. சொற்கள் தெளிவாக இல்லை. மெட்டு மட்டும் கேட்டது. அந்த இருட்டில், இடப் பாதியைப் பார்க்கக்கூடாது என்ற என் கட்டுப்பாட்டை நான் மீறவில்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்குத் திரும்ப இரவு பத்து மணியாயிற்று. அம்மா இரண்டாம் வரிசையின் ஓரத்தில் இருந்து பார்த்தவர். ஓட்டோவில் ஒன்றும் பேசவில்லை. தேநீர் ஊற்றித் தந்தபின்தான் கேட்டார்.

"கடைசி மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காமல் இருந்தியே, அது புத்தகத்திலை கிடந்ததோ?"

"இல்லையம்மா, நான் நினைச்சு வைச்சது."

"அது சரிதான்" என்றார் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

தனிநடிப்புக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளை கட்டபொம்மனாக நிற்க வந்தால், வேண்டாமென்று சொல்லாதீர்கள். எதிரே நிற்கும் வெள்ளைக்காரத் துரை எவ்வளவு உயரம், அவன் என்ன சொன்னான், அதைக் கேட்கும்போது உன் மனத்தில் என்ன ஓடியது என்று கேளுங்கள். பிள்ளை ஒரு கணம் நின்று யோசிக்கும். அந்த யோசனையோடு மேடையேறினால், கைதட்டல் யாருக்கு என்ற ஐயம் நடுவருக்கு வராது.